வாசலில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய்!

காரைக்குடிப் பக்கம் போனால் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள்.

பொதுவாக அங்கே யாரும் நிமிர்வதில்லை. சாப்பிடப் போகிறவர்களுக்கு இலையை விட்டுக் கண் நகராது. வீடு பார்க்கப் போகிறவர்கள் ஆத்தங்குடித் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரைக் கையால் தடவிப் பார்த்து, பர்மா தேக்குத் தூணோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் சொல்லும் சமாசாரம் அதற்கெல்லாம் மேலே, முகப்பின் உச்சியில் இருக்கிறது.

நடுவில் கஜலட்சுமி உட்கார்ந்திருப்பாள். இரண்டு பக்கமும் யானைகள். சரி, வீட்டுக்கு லட்சுமி வேண்டியதுதான். சில வீடுகளில் அந்த லட்சுமிக்குச் சற்றுத் தள்ளி ஒருவன் விறைப்பாக நிற்பான். தலையில் தொப்பி, காலில் பூட்ஸ், கையில் துப்பாக்கி... சுண்ணாம்பிலும் சுதையிலும் செய்த வெள்ளைக்காரச் சிப்பாய்!

அப்படி ஒரு வீட்டு வாசலில் நின்று, உள்ளேயிருந்து வந்த ஆச்சி ஒருவரிடம், "இவன் எதுக்கு ஆச்சி இங்கே?" என்று கேட்டேன்.

"அது எங்க அய்யா காலத்துல வச்சதுப்பா" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவ செல்வத்தைக் குடுக்கறா... இவன் காவலுக்கு நிக்கறான். ரெண்டும் வேணும்ல?" என்று சிரித்தார்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பதில் என்னை விடவில்லை. யோசித்துப் பாருங்கள். வீட்டு முகப்பில் சிப்பாய் வைக்க வேண்டும் என்று எந்தக் கலெக்டரும் உத்தரவு போடவில்லை. வைக்காதவனுக்கு அபராதமும் கிடையாது. தங்கள் சொந்தப் பணத்தில், சொந்தக் கொத்தனாரை வைத்து, தெய்வத்துக்குப் பக்கத்தில் அவர்களாகவே அவனுக்கு இடம் கொடுத்தார்கள். ராஜ்ஜியம் என்றால் இதுவல்லவா ராஜ்ஜியம்!

இந்த வாரம் இதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். துப்பாக்கியைத் தூக்காமலே நடக்கிற ஆட்சி. ஆளப்படுகிறவன் தானே முன்வந்து தலையாட்டுகிற ஆட்சி. அறிவுஜீவிகள் இதற்கு 'ஹெஜிமனி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் 'மேலாதிக்கம்' என்கிறார்கள். பெயரைக் கேட்டு பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விஷயம் நம் வீட்டு வாசல் வரை வந்த விஷயம்.

* * *

சொல் கிரேக்கர்களுடையது. 'முன்னே நின்று வழிநடத்துவது' என்று அர்த்தம். பாரசீகப் படையெடுப்புக்கு எதிராகச் சின்னச் சின்ன கிரேக்க நகரங்கள் கி.மு. 478-ல் ஒரு கூட்டணி அமைத்தன. ஏதென்ஸ்தான் தலைவர். ஆளுக்கு இவ்வளவு என்று கப்பலோ காசோ கொடுத்தார்கள், மனசோடுதான் கொடுத்தார்கள். வருஷங்கள் போயின. கி.மு. 454-ல் பொதுக் கஜானாவை ஏதென்ஸ் தன் ஊருக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டது! 'கூட்டணியை விட்டு விலகுகிறேன்' என்று சொன்ன ஊர்கள் உதை வாங்கின. தலைமை என்று ஆரம்பித்தது சாம்ராஜ்யமாக முடிந்தது.

இந்தப் பழைய சொல்லைத் தூசி தட்டி இன்றைய அர்த்தத்தோடு நமக்குக் கொடுத்தவர் அந்தோனியோ கிராம்ஷி. 1891-ல் சார்டீனியாத் தீவில் பிறந்தவர். கூன் விழுந்த முதுகு, நோஞ்சான் உடம்பு, அபாரமான மூளை. இத்தாலிய கம்யூனிஸ்ட் தலைவர்களில் ஒருவரான அவரை முசோலினி அரசு 1926-ல் பிடித்து உள்ளே போட்டது. சிறையில் அவரைக் குடைந்த கேள்வி ஒன்றுதான். ஏழைகள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், பணக்காரர்கள் கொஞ்சம் பேர். அப்படியும் ஏன் ஒன்றும் நடப்பதில்லை? போலீஸுக்குப் பயந்தா?

போலீஸ் ஒரு பாதிதான் என்றார் கிராம்ஷி. மறுபாதி, மனசுக்குள் இருக்கிறது. பள்ளிக்கூடம், கோயில், பத்திரிகை, பாட்டு, பழக்கவழக்கம் எல்லாம் சேர்ந்து, 'உலகம் இப்படித்தான் இருக்கும், இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று ஒரு எண்ணத்தை ஊட்டிவிடுகின்றன. மேலே இருப்பவனுக்கு வசதியான எண்ணம், கீழே இருப்பவனுக்குச் சாதாரணப் பொதுப்புத்தியாக மாறிவிடுகிறது. அப்புறம் லத்திக்கு என்ன வேலை? லத்தி மூலையில் சாத்தப்பட்டிருக்கும். தேவைப்படும்போது எடுத்தால் போதும்.

சிறையில் நோட்டுப் புத்தகம் கிடைத்து அவர் இதையெல்லாம் எழுத ஆரம்பித்தது 1929-ல். இந்த வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டுக் கதையிலும் அது திரும்ப வரும்.

* * *

'கொண்டுவிக்கப் போறது' என்பார்கள் நகரத்தார்கள், கடல் தாண்டி வியாபாரத்துக்குப் போவதை. வானம் பார்த்த பூமி அவர்களுடையது. சிலோன், மலேயா, சைகோன் என்று எங்கெல்லாமோ போனார்கள். பெரிய பணத்தைப் பார்த்தது பர்மாவில்தான்.

1852-ல் கீழ் பர்மாவை வெள்ளைக்காரன் பிடித்துக்கொண்டான். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்குக் கப்பல் வழி சுருங்கியதும் பர்மா அரிசிக்குக் கிராக்கி ஏறியது. ஐராவதி டெல்டாவில் காடும் சதுப்பும் கிடந்த இடத்தில் வயல் போட வேண்டும். நிலம் இருக்கிறது. உழைக்க ஆள் வருகிறான். முதல்? வெள்ளைக்கார பாங்குகள் சேற்றில் நிற்கும் பர்மியக் குடியானவனுக்குக் கடன் கொடுக்காது. அவனுடைய பாஷை தெரியாது, அவனுடைய நிலத்தின் மதிப்பும் தெரியாது.

அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்தவர்தான் நம் செட்டியார். தரையில் பாய், எதிரே சாய்வுமேஜை, பக்கத்தில் இரும்புப் பெட்டி, தலைக்கு மேலே முருகன் படம். பெட்டியடிப் பையனாகச் சின்ன வயசில் கப்பல் ஏறி, அடுத்தாளாகி, மேலாளாகி ஊர் திரும்புவார்கள். பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கு. ரங்கூன் மொகல் தெருவில் கூடி 'நடப்பு வட்டி' இவ்வளவு என்று தீர்மானிப்பார்கள். பெரும்பகுதி சொந்தப் பணம், சொந்தக்காரர்களின் டெபாசிட், ஆச்சிமார் பணம். கொஞ்சம் வெள்ளைக்கார பாங்குகளிடம் வாங்கியது. 1930 வாக்கில் பர்மாவில் செட்டியார் கடைகள் சுமார் 1,650. வெளியே நின்ற கடன் சுமார் 75 கோடி ரூபாய் என்று அங்கே நடந்த பாங்கிங் விசாரணைக் கமிட்டி கணக்குச் சொன்னது. அன்றைய 75 கோடி!

இதில் பலவந்தம் எங்கே? தேடினால் கிடைக்காது. செட்டியார் யார் கழுத்திலும் கத்தி வைக்கவில்லை. பல உள்ளூர் லேவாதேவிக்காரர்களைவிட அவருடைய வட்டி குறைவு. கேட்ட நேரத்தில் பணம் கிடைக்கும். குடியானவன் தானாகவே வந்து, 'அடுத்த போகத்துல கட்டிடறேன்' என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டான். 1876-ல் வந்த நிலச் சட்டம், தொடர்ந்து 12 வருஷம் அனுபவித்து வரி கட்டியவனுக்கு நிலத்தில் உரிமை கொடுத்தது. உரிமை வந்ததும் கூடவே இன்னொன்றும் வந்தது. அந்த உரிமையை அடகு வைக்கலாம்!

செட்டியாருக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது. பத்திரம், முத்திரைத்தாள், ரெஜிஸ்ட்ரார், கோர்ட்டு எல்லாவற்றுக்கும் பின்னால் வெள்ளைக்காரன் நிற்கிறான், அவன் எந்நாளும் நிற்பான் என்கிற நம்பிக்கை. 'ரெண்டும் வேணும்ல' என்று ஆச்சி சொன்னது அதுதான். வெள்ளைக்காரன் மேல்படி, பர்மியன் கீழ்ப்படி, செட்டியார் நடுப்படி. மூன்று பேரும், 'ஏணி என்றால் இப்படித்தான் சாத்தியிருக்கும்' என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். எழுதாத சட்டம்!

அப்புறம் 1929 வந்தது. அமெரிக்காவில் பங்குச் சந்தை படுத்துவிட்டது. அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் பர்மாவில் நெல் விலை பாதிக்கும் கீழே போய்விட்டது. நெல்லை விற்றால் வட்டிக்கே காணாது. அசலுக்கு எங்கே போவான் குடியானவன்? பத்திரத்தில் இருந்த நிலம் கை மாறியது. செட்டியாருக்கு நிலத்தின் மேல் ஆசை கிடையாது, அவருக்கு வேண்டியது பணம். ஆனால் கொடுக்க அவனிடம் நிலம்தான் இருந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930-ல் விளைநிலத்தில் சுமார் 6 சதவிகிதம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937-ல் 25 சதவிகிதம்! நான்கு ஏக்கருக்கு ஓர் ஏக்கர், கடலுக்கு அந்தப் பக்கம் கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ இருக்கும் ஒருவருக்குச் சொந்தம்.

இப்போது பர்மியனின் கண்ணில் செட்டியார் எப்படித் தெரிவார்? விசாரணைக் கமிட்டிக்கு முன்னால் சாட்சி சொன்ன ஒருவர், செட்டியார் கடைகளை நெருப்பு கக்கும் டிராகனுக்கு ஒப்பிட்டார். 1930 மே மாதம் ரங்கூனில் கலவரம் வெடித்தது. செத்தவர்கள் நூற்றுக்கும் மேல். பெரும்பாலும் யார் தெரியுமா? துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தெலுங்குக் கூலித் தொழிலாளர்கள்! அதே வருஷம் டிசம்பரில் தராவடி ஜில்லாவில் சாயா சான் என்பவர் தலைமையில் விவசாயிகள் புரட்சி கிளம்பியது. முக்கியமான கோபம் வரி மேல். வெள்ளைக்காரன் மூலையில் சாத்தியிருந்த லத்தியை எடுத்தான். படையை இறக்கினான். 1931 நவம்பரில் சாயா சானைத் தூக்கில் போட்டார்கள். அவரோடு சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தூக்கு.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். இத்தனை தூக்குக் கயிறு தேவைப்பட்டது ஆட்சியின் பலமா, பலவீனமா? அதுவரை அறுபது எழுபது வருஷம் கயிறு இல்லாமலே வரி வந்துகொண்டிருந்ததே!

மிச்சக் கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். 1937 ஏப்ரல் 1-ம் தேதி பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்தார்கள். (அதே மாதம் 27-ம் தேதி கிராம்ஷி இறந்துபோனார்.) 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்தே வந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வழியிலேயே விழுந்தார்கள். தப்பி வரும் பாதையிலும் வெள்ளையருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி என்று பிரித்ததாக எழுந்த புகார் இங்கே பெரிய கொந்தளிப்பை உண்டாக்கியது. வாசலில் காவல் நின்ற சிப்பாய், நெருக்கடியில் முதலில் தன் ஆட்களைத்தான் பார்த்துக்கொண்டான்! சுதந்திர பர்மா 1948-ல் நிலங்களை நாட்டுடைமையாக்கியது. 1962-ல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் நே வின், 1963-64-ல் பாங்குகள், கடைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். பெட்டியோடு போனவர்களின் பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பினார்கள். சென்னையில் 'பர்மா பஜார்' என்று ஒன்று இருக்கிறதே, அதன் பெயரில் அந்தக் கண்ணீரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

* * *

'பாவம்' என்று உச் கொட்டிவிட்டு நகர்ந்துவிட முடியாது. சாயா சான் புரட்சி வெடித்த அதே மாதம், 1930 டிசம்பரில், கடலுக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

அப்போது காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தன. அந்த ஜில்லாவில் நிலமும் அதிகாரமும் வைத்திருந்த சாதிக்காரர்கள் கூடி, ஆதிதிராவிடர்களுக்கு எட்டு தடைகள் போட்டார்கள். 1931 மக்கள் கணக்கெடுப்புக்குக் கமிஷனராக இருந்த ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப் வெட்டக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் மட்டும்தான். பெண்கள் ரவிக்கை போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. வெயிலுக்குக் குடை கூடாது, காலுக்குச் செருப்பு கூடாது.

மீறியவர்களின் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். தானியத்தை அழித்தார்கள். ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். அப்படியும் கேட்கவில்லை என்று 1931 ஜூனில் மறுபடி கூடி, எட்டைப் பதினொன்றாக்கினார்கள். புதிதாகச் சேர்ந்தவற்றில் ஒன்று, அவர்களுடைய பிள்ளைகள் படிக்கக்கூடாது!

படிக்கவே நெஞ்சு பதறுகிறது அல்லவா? பதற்றம் அடங்கியதும் இன்னொன்றை யோசித்துப் பாருங்கள். இந்தத் தடைகளில் பலவும் 1930-க்கு முன்பே தலைமுறை தலைமுறையாக நடைமுறையில் இருந்த வழக்கங்கள்தான். அப்போதெல்லாம் ஏன் யாரும் கூட்டம் போட்டு எட்டு, பதினொன்று என்று எண் போடவில்லை?

தேவைப்படவில்லை. 'நமக்கு எதுக்குச் செருப்பு?' என்று அவர்களே சொல்லிக்கொள்ளும்படி ஊர் பழக்கி வைத்திருந்தது. யாரோ ஒருவர் செருப்பு போட்டார். யாரோ ஒரு பெண் ரவிக்கை போட்டாள். யாரோ ஒரு பிள்ளை சிலேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியது. அன்றைக்குத்தான் எழுத வேண்டி வந்தது!

கிராம்ஷியிடம் நான் கற்றுக்கொண்டதை என் பாஷையில் சொல்கிறேன். எழுதாமல் இருக்கும்வரை மேலாதிக்கம் பத்திரமாக இருக்கிறது. 'இன்னது செய்யாதே' என்று எழுத வேண்டிய நாள் வந்துவிட்டால், யாரோ அதைச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். தடை உத்தரவு என்பது விரிசலின் போட்டோ.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். விரிசல் விழுகிற நேரத்தில்தான் அடி பலமாக விழும். செருப்பு போட்ட முதல் ஆளின் குடிசை எரிந்தது. சாயா சான் தூக்கில் தொங்கினார். 'மாறிடும் சார், காலம் மாறிடும்' என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம். யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுத்த பிறகுதான் மாறியது.

* * *

இனி கொஞ்சம் பாட்டு கேட்போம்.

இதற்கும் செட்டிநாட்டை விட்டுப் போக வேண்டாம். காரைக்குடிக்குப் பக்கத்திலேயே அரியக்குடி. 1890-ல் அங்கே பிறந்த ராமானுஜ ஐயங்கார்தான், இன்று நாம் கேட்கும் கர்நாடக சங்கீதக் கச்சேரிக்கு உருவம் கொடுத்தவர். வர்ணத்தில் ஆரம்பித்து, விறுவிறுவென்று சில கிருதிகள், நடுவில் ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடாக்கள்... சபாக்காரர்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள்.

அந்தக் காலத்துக் கச்சேரிகளில் பெரிய உருப்படிகள் பெரும்பாலும் தெலுங்கு, அடுத்தபடி சமஸ்கிருதம். தமிழ் எங்கே? கடைசியில், துக்கடாவில். துக்கடா என்றால் துண்டு. பந்தி முடிந்தபின் போடுகிற வெற்றிலை மாதிரி! தஞ்சாவூரில் நாயக்க ராஜாக்கள், அப்புறம் மராட்டிய ராஜாக்கள் என்று தலைமுறைகளாகத் தெலுங்கு அரண்மனையில் செல்வாக்கோடு இருந்தது. திருவையாற்றில் வாழ்ந்து தெலுங்கில் பாடிய தியாகராஜரின் மேதைமையைப் பற்றி இரண்டு கருத்து கிடையாது. சண்டை அவரோடு அல்ல. 'நல்ல சங்கீதம் என்றால் புரியாத பாஷையில்தான் இருக்கும்' என்று தமிழனே நம்ப ஆரம்பித்துவிட்டான், அதுதான் விஷயம். முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் மாரிமுத்தாப் பிள்ளையும் பாடிவிட்டுப் போனதும், தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்று மலை போல ஒரு புத்தகம் போட்டதும் சபா ரசிகர்களின் காதில் ஏறவில்லை. தமிழில் பாடக்கூடாது என்று எங்கேயாவது போர்டு மாட்டியிருந்ததா? கிடையாது. எழுதாத சட்டம்!

கேள்வி கேட்டவர் கானாடுகாத்தான்காரர். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். 1941 ஆகஸ்டில், தாம் உண்டாக்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூட்டி, தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கே முதலிடம் வேண்டும் என்று தீர்மானம் போட வைத்தார். அவ்வளவுதான், வெடித்தது சண்டை. கல்கியும் ராஜாஜியும் டி.கே.சி.யும் தமிழிசைப் பக்கம். எதிர்ப்பக்கம் மியூசிக் அகாடமி. சங்கீதத்தின் தரம்தான் முக்கியம், அதில் மொழிப் பிரச்னையைக் கொண்டுவந்து தரத்தைக் குறைக்கக் கூடாது என்கிற பொருளில் அவர்களும் ஒரு தீர்மானம் போட்டார்கள்.

கவனித்தீர்களா? அதுவரை எழுத அவசியமில்லாதிருந்த ஒன்றை எழுத வேண்டி வந்துவிட்டது! 'இசைக்கு மொழி இல்லை' என்பது கேட்பதற்கு எவ்வளவு அழகான வாதம். மொழி இல்லையென்றால் தமிழிலும் பாடலாமே என்று யாரோ பதிலுக்குக் கேட்பார்களே! 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. இன்றைக்கு மார்கழிக் கச்சேரியில் ஒரு தமிழ்ப் பாட்டை மெயின் உருப்படியாகப் பாடினால் யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை. திருப்பாவைப் பாடல்களுக்கு மெட்டுப் போட்டு மேடைக்குக் கொண்டுவந்தவர் அதே அரியக்குடியார்தான் என்பது இந்தக் கதையின் இனிமையான திருப்பம்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சின்ன உறுத்தல் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அண்ணாமலைச் செட்டியார் பெயருக்கு முன்னால் இரண்டு பட்டங்கள். 'சர்', 'ராஜா'. இரண்டும் பிரிட்டிஷ் ராஜாங்கம் கொடுத்தவை. 'ராஜா' பட்டம் வந்ததும் பல்கலைக்கழகம் பிறந்ததும் நாம் ஞாபகம் வைத்துக்கொண்ட அதே 1929-ல்தான்! அரசியலில் மேல்படிக்காரனின் மரியாதையைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்ட ஒருவர், சங்கீதத்தில் மட்டும் 'ஏன்?' என்று கேட்டார். இது அவர்மேல் குற்றச்சாட்டு இல்லை. நம் எல்லோருடைய லட்சணமும் இதுதான். ஒரு மேலாதிக்கத்தைக் கண்டுபிடித்துச் சண்டை போடுகிற அதே ஆள், இன்னொன்றைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டிருப்பார். ஊரில் சாதித் திமிரைத் தட்டிக்கேட்பவர், வீட்டுக்கு வந்ததும் மனைவியைப் பார்த்து 'காபி எங்கே?' என்று அதட்டுவதில்லையா?

* * *

கடைசியாக, உலகத்துக்குப் போய்விட்டு வருவோம். தமிழிசைக்குத் தோள் கொடுத்த பிரமுகர்களில் கோயமுத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் ஒருவர். பின்னால் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரானவர். 1944 ஜூலையில் அவர் அமெரிக்காவில் பிரெட்டன் உட்ஸ் என்ற ஊரில், 44 நாடுகள் கலந்துகொண்ட மாநாட்டில் இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவராக உட்கார்ந்திருந்தார். போருக்குப் பிறகு உலகத்தின் பணப்பெட்டி யார் கையில் என்பதுதான் அங்கே பேச்சு. பவுண்டின் காலம் முடிந்து டாலரின் காலம் ஆரம்பித்தது. ஒரு அவுன்ஸ் தங்கம் 35 டாலர், மற்ற நாட்டுப் பணமெல்லாம் டாலரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று ஏற்பாடு. யாரும் குண்டு போட்டுச் சம்மதிக்க வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்கள். பழைய ஏதென்ஸ் கதைதான்!

1971 ஆகஸ்ட் 15-ம் தேதி அதிபர் நிக்ஸன், 'இனி டாலருக்குத் தங்கம் தர முடியாது' என்று கைவிரித்தார். டாலர் அன்றே படுத்திருக்க வேண்டாமா? படுக்கவில்லை. இன்றைக்கும் உலக நாடுகள் சேர்த்து வைத்திருக்கும் அந்நியச் செலாவணியில் பாதிக்கும் மேல் டாலர்தான். ஏன்? எல்லோரும் டாலரை வாங்கிக்கொள்கிறார்கள் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அவ்வளவுதான். சமீப வருஷங்களில் அமெரிக்கா பொருளாதாரத் தடைகளை எழுதிக்கொண்டே போகிறது. இந்த நாடு டாலரைத் தொடக்கூடாது, அந்த நாட்டோடு வியாபாரம் கூடாது என்று. ராமநாதபுரத்து எட்டும் பதினொன்றும் என் ஞாபகத்துக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். விரிசலா இல்லையா என்பதைக் காலம் சொல்லட்டும்.

* * *

மறுபடி காரைக்குடிக்கு வருவோம்.

வெள்ளைக்காரன் போய்விட்டான். பர்மா போய்விட்டது. பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சில, ஹோட்டலாகிவிட்டன. சில வீடுகளின் தூண்கள் பழைய சாமான் கடைகளில் சாய்ந்து நிற்கின்றன. அந்தச் சுதைச் சிப்பாய் மட்டும் வெயிலிலும் மழையிலும் வர்ணம் உதிர்ந்து, மூக்கு உடைந்து, இன்னமும் காவல் நிற்கிறான். அவனைக் கேலி செய்வது இன்று ரொம்பச் சுலபம். வைத்த காலத்தில் யாருக்கும் அது கேலியாகத் தெரியவில்லை. லட்சுமிக்குப் பக்கத்தில் அவன் நிற்பது அவ்வளவு இயல்பாக இருந்தது.

அதனால்தான் கேட்கிறேன். இன்று நம் வீட்டு வாசலில் நாமே காசு கொடுத்து நிறுத்தி வைத்திருக்கும் சிப்பாய் யார்? குழந்தை 'மம்மி' என்று சொன்னால் பூரிப்பும், தமிழில் தடுமாறினால் அதைவிடப் பூரிப்பும் வருகிறதே, அதை யார் நமக்கு எழுதிக் கொடுத்தார்கள்? முகத்துக்குச் சிவப்பழகு க்ரீம் வாங்கும்போது யார் நம் கையைப் பிடித்துத் தடவி விடுகிறார்கள்? வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்குத் தனி டம்ளர் வைக்கச் சொல்லி எந்த சர்க்கார் உத்தரவு போட்டது?

உத்தரவே இல்லாமல் நாம் கீழ்ப்படிகிற விஷயங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதாமல் இருப்பதுதான் அவற்றின் பலம். அவர்கள் எழுதுவதற்கு முன்னால், நாம் எழுதிவிடலாம்.

அப்புறம், கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கலாம்.